நாக்கு செத்துப்போன தொட்டி

1

மல்லிகா வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீடியோ பதினோரு நொடிதான் ஓடியது. அதில் ஓர் அடுப்பு எரிகிறது, வேறொன்றும் இல்லை. நான் அதை எட்டு முறை பார்த்தேன். நீலமாக, பர்னரோடு ஒட்டி எரிய வேண்டிய சுடர் மேலே எழும்பித் தள்ளாடி, ஒன்பதாவது நொடியில் பொசுக்கென்று அணைந்தது. பின்னால் மல்லிகாவின் குரல்: "பாத்தீங்களா சார்? மூணு நாளா இப்டித்தான் கீது."

அந்த அடுப்பு இருப்பது சாந்தோமில், என் அக்கா ஸ்டெல்லா வார்டனாக இருக்கும் மாணவியர் விடுதியின் சமையலறையில். நான் இருப்பது ஜெர்மனியின் வடமேற்கே, மனிதர்களைவிடப் பன்றிகள் அதிகமாக வசிக்கும் ஒரு சிற்றூரில். பதினேழு வருடமாக இங்கே ஒரு சாண எரிவாயு ஆலையின் ஆய்வகத்தில் வேலை. ஊரில் யாராவது கேட்டால், "இவர் கிருமிகளுக்கு வயிற்று வைத்தியர்" என்று என் மனைவி ஜெனி அறிமுகம் செய்துவைப்பாள். அவள் நர்ஸ். மனித வயிற்றைப் பார்க்கிற திமிர் அவளுக்கு.

அதே சமாசாரத்தைச் சின்ன அளவில் அக்காவின் விடுதியில் வைக்கச் சொல்லி இரண்டு வருடம் நச்சரித்தது நான்தான். போன வருடம் ஈஸ்டர் முடிந்த கையோடு, பின்பக்கம் துணி காயப்போடும் கொடிகளுக்கு அப்பால், மூடிய பெரிய தொட்டி ஒன்று எழும்பியது. சமையலறை மிச்சத்தை அரைத்து ஊற்றினால் உள்ளே இருக்கும் கிருமிகள் அதைத் தின்று வாயுவாக்கும். அந்த வாயுவில் விடுதிப் பிள்ளைகளுக்குக் காலை இட்லி வேகும். பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். நான் வீடியோவில் பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது என்றால் சிரிப்பீர்கள்.

தொட்டியைப் பார்த்துக்கொள்ள வைத்த ஆள்தான் மல்லிகா. அடையாற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவள். அங்கிருந்த வீடுகளை எடுத்து ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் குடிவைத்த பிறகு, தினமும் இரண்டு பஸ் மாறி சாந்தோம் வருகிறாள். அவள் கணவனுக்கு முதுகு போய்விட்டது. வீட்டுக்கு வருகிற ஒரே சம்பளம் இந்தத் தொட்டிச் சம்பளம்தான். இப்போது விடுதிக் கமிட்டியில் ஒருவர், இதை இடித்துவிட்டுப் பழையபடி சிலிண்டருக்கே போகலாம், அந்த இடத்தில் வண்டி நிறுத்தலாம் என்று பேச ஆரம்பித்திருந்தார். ஈஸ்டர் முடிந்த புதன்கிழமை கூட்டம். அதற்குள் சுடர் நிமிரவில்லை என்றால் தொட்டியோடு மல்லிகாவும் போவாள்.

வீடியோ வந்தது மார்ச் நடுவில். மூன்று வாரம் இருந்தது. அதையே நான் திரும்பத் திரும்ப ஓட்டுவதை ஜெனி பார்த்துவிட்டு, "உனக்கு ஏன்டா பிரஷர் ஏறுது?" என்றாள். அவளிடம் சொல்லிப் புரியவைக்கத் தெரியவில்லை. சாந்தோமில் நான் விட்டுவந்த எதையும் நான் கட்டவில்லை. அந்தத் தொட்டி ஒன்றுதான் நான் கட்டியது, அதுவும் இங்கிருந்தபடி.

2

என் மதிய இடைவேளை அங்கே சாயங்கால டீ நேரம். அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏதாவது மாத்தினீங்களா?" இதுதான் என் முதல் கேள்வி. எங்கள் ஆலையில் எந்தக் கோளாறுக்கும் முதல் கேள்வி இதுதான்.

"ஒண்ணுமே மாத்தலடா. நீ குடுத்த ஃபாரம்ல தினமும் எழுதிக்கிட்டுத்தானே இருக்கோம்."

அந்த ஃபாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜெர்மனி எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம் ஃபாரம். வீடு மாறினால் ஃபாரம், குழந்தை பிறந்தால் ஃபாரம், தேவாலய வரிக்கு ஃபாரம். முதல் இரண்டு வருடம் அவற்றைத் திட்டினேன், பிறகு மெல்ல எனக்கே பிடித்துப்போனது. கட்டத்துக்குள் எழுதிவிட்டால் ஒரு விஷயம் கைக்குள் வந்துவிட்ட மாதிரி ஒரு நிம்மதி. அக்காவுக்கும் நானே ஒன்று போட்டு அனுப்பியிருந்தேன். ஐந்து கட்டங்கள்: தேதி, ஊற்றிய கழிவின் எடை, ஊற்றிய தண்ணீர், கரைசலின் அமிலத்தைக் காட்டும் புளிப்புத் தாளின் நிறம், அடுப்பு எரிந்த நேரம். மல்லிகா அழகாக நிரப்பியிருந்தாள். எடை ஒரு நாள்கூடத் தவறவில்லை. ஆனால் புளிப்புத் தாளின் நிறம் மட்டும் பத்து நாளாகப் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு நகர்ந்துகொண்டிருந்தது.

"உள்ள புளிச்சுப்போயிருக்குக்கா. தீனியைப் பாதியாக் குறைங்க."

"குறைச்சுட்டோம்டா."

"யா, யா. அப்ப தண்ணி..."

"என்னடா யா யா? தமிழ்ல ஆமான்னு சொல்ல வரலியா?"

அப்போது பக்கத்திலிருந்து மல்லிகா சொன்னாள். "சார், நான் ஒண்ணு சொல்ட்டா? அதுக்கு நாக்கு செத்துப் போய்க்கீது சார். வாய்க்கு ருசியா ஒண்ணும் இல்ல. அதான் மொறச்சிக்கினு கீது."

நான் சிரித்தேன். அக்காவும் சிரித்தாள். "தொட்டிக்கு ஏதும்மா நாக்கு!" என்றேன். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். நான் புளிப்புத் தாளைத் தினம் இரண்டு வேளை நனைத்துப் பார்க்கச் சொல்லி, ஃபாரத்தில் இன்னொரு கட்டம் போட்டு அனுப்பினேன்.

இன்று நினைத்தால் அந்தச் சிரிப்புதான் உறுத்துகிறது.

3

தீனியைக் குறைத்தும் சுடர் நிமிரவில்லை. எனக்கு நோய் எதுவென்று ஓரளவு தெரிந்துதான் இருந்தது. எங்கள் ஆலையில் இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

இந்தக் கிருமிகளுக்குச் சோறும் காய்கறித் தோலும் மட்டும் போதாது. நிக்கல், கோபால்ட், செலினியம், மாலிப்டினம் என்று சில உலோகச் சத்துகள் வேண்டும். எவ்வளவு என்றால், சாம்பாருக்குப் பெருங்காயம் அளவுக்கும் கீழே. ஆனால் அது இல்லையென்றால் தின்றதைச் செரித்து வாயுவாக்குகிற கடைசிக் கை நின்றுவிடும். அமிலம் தேங்கும். இதில் கொடுமை என்னவென்றால், சத்து நின்ற அன்று ஒன்றும் தெரியாது. பழைய இருப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வெளியேறும்வரை தொட்டி சிரித்த முகத்தோடு இருக்கும். மூன்று நாலு வாரம் கழித்து ஒரு காலை அடுப்பு தள்ளாடும்.

சாணம் கலந்து ஓடும் ஆலைகளில் இந்தத் தொல்லை குறைவு, மாடு தின்கிற புல்லிலும் தவிட்டிலும் இருந்து அது வந்துவிடும். அக்காவின் தொட்டிக்கு ஆரம்பத்தில் மயிலாப்பூர் சந்து ஒன்றில் மாடு வைத்திருப்பவரிடம் சாணம் வாங்கிக் கரைத்து ஊற்றியதோடு சரி. பிறகு சமையலறை மிச்சம்தான். கூடவே மீன் கழிவு, அரை வாளி. நொச்சிக்குப்பம் பக்கம் மீன் வெட்டுகிற பெண்களிடம் தலையும் குடலும் கேட்டு மல்லிகா கொண்டுவருவாள். விடுதியிலும் வாரத்தில் இரண்டு நாள் மீன். அந்த அரை வாளியில் தேவையான சத்து இருக்கிறது என்பதால் நான் நிம்மதியாக இருந்தேன். நாற்றம் வரும், அரை வாளிக்கு மேல் போகாதே என்றும் சொல்லியிருந்தேன். அவ்வளவு சின்ன விஷயத்துக்கு ஃபாரத்தில் தனிக் கட்டம் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

மீன் போகிறது, ஆனாலும் சத்துக் குறைவின் அறிகுறி. அப்படியென்றால் மீன் போதவில்லை என்று முடிவுகட்டினேன். எங்கள் ஆலையில் இதற்கென்றே கலவைப் பொடி இருக்கிறது. மேலாளரிடம் கேட்டேன். மனிதர் தோளைக் குலுக்கிவிட்டு ஒரு சின்ன டப்பா எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

அதன்பிறகு பத்து நாள் நான் பட்ட பாடு! கூரியர் அலுவலகத்துப் பெண், "இது உணவா, மருந்தா, உரமா?" என்று கேட்டாள். மூன்றும் இல்லை, கிருமிகளுக்கான சத்து என்றேன். "அப்படி ஒரு கட்டம் இல்லையே" என்றாள். பொடியின் ஆபத்துகளை விளக்கும் அபாயத் தாள் வேண்டும் என்றார்கள், வாங்கினேன். இந்தியாவில் வாங்குகிறவரின் இறக்குமதி எண் வேண்டும் என்றார்கள். என் அக்கா ஆயிரம் பேருக்குக் கணக்கு டீச்சராக இருந்தவள், அவளிடம் இறக்குமதி எண் கிடையாது. உரம் என்று எழுதலாமா என்று யோசித்தேன். அபாயத் தாளை மறுபடி படித்தேன். செலினியம் குறைந்தால் நோய், கூடினால் விஷம். சமையலறைக்குப் பக்கத்தில் ஒரு டப்பா. உப்பு என்று நினைத்து யாராவது... அந்த எண்ணம் வந்ததும் டப்பாவை மூடி, டேப் சுற்றி, மேசை இழுப்பறையில் பூட்டினேன். பூட்டியிருக்கிறதா என்று இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன்.

பத்து நாள் போய்விட்டது. மல்லிகா தினமும் வீடியோ அனுப்பினாள். சுடர் ஏழாவது நொடியில் அணைந்தது, பிறகு ஐந்தாவது நொடியில்.

4

என் மகள் எலிசாவுக்குப் பதின்மூன்று வயது. நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்வாள். முன்பெல்லாம் பாதியாவது தமிழில் வரும். எந்த மாதத்தில் நின்றது என்று கேட்டால் எனக்கும் ஜெனிக்கும் சண்டை வரும். ஜெனி ஒரு மாதம் சொல்வாள், நான் ஒன்று சொல்வேன். பள்ளி ஃபாரத்தில் தாய்மொழி என்ற கட்டத்தில் எலிசாவே ஜெர்மன் என்று எழுதிக்கொண்டு வந்து கையெழுத்துக்கு நீட்டியபோது, நான் அரை மணி நேரம் பிரசங்கம் செய்தேன். வேர், மண், அத்தை, சாந்தோம் என்று எல்லாம் வந்தது. அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்பா, சைன்," என்றாள்.

அவள் நழுவிக்கொண்டிருக்கிறாள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஊருக்குப் பேசும்போது அக்காவிடமும் அதே புலம்பல். நான் நின்ற இடத்திலேயே நிற்கிறேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

அந்த வாரம் சாப்பிடும்போது நான் போனையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்து, எலிசா அதிசயமாகத் தமிழில் கேட்டாள். "அத்தை டாங்க் செத்துப் போச்சா?"

"இன்னும் இல்லம்மா."

"அந்த ஆன்ட்டிக்கு வேலை போயிடுமா?"

தெரியாது என்று தலையாட்டினேன்.

5

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. எங்கள் கேன்டீனில் வெள்ளி என்றால் மீன்தான். அதிலும் ஈஸ்டருக்கு முந்தைய வாரங்களில் கட்டாயம். இது கத்தோலிக்க ஊர். தவக்காலத்தில் இறைச்சியை விடுவார்கள், மீனை அல்ல. வெள்ளைச் சாற்றில் மிதக்கும் கெட்டி மீன் துண்டு, அவித்த உருளைக்கிழங்கு. பரிமாறுகிற அம்மாள் என் தட்டைப் பார்த்துச் சிரித்து, "நோன்பு நாள், இன்னொரு துண்டு வைத்துக்கொள்ளுங்கள்" என்றாள்.

வாங்கிக்கொண்டேன். பாதி துண்டு தின்றிருப்பேன். நோன்பு நாள் என்று அவள் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது.

எங்கள் சாந்தோம் வீட்டில், தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தின நாள் அம்மா மீன் சட்டியைப் புளி போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, பரணில் கவிழ்த்து வைப்பாள். ஈஸ்டர் காலைதான் அது கீழே இறங்கும். நாற்பது நாள் வீட்டில் கறி இல்லை, மீன் இல்லை, கருவாட்டு வாசனைகூடக் கிடையாது. கடற்கரையில் வலை இழுக்கிற எங்கள் பங்கு ஆள்களே பிடித்த மீனை விற்பார்களே தவிர, வாயில் வைக்க மாட்டார்கள். விடுதிச் சமையலறையிலும் அதேதான். நான் பூசைக்கு உதவிய காலத்தில் அங்கே பெரிய வெள்ளிக் கஞ்சி குடித்திருக்கிறேன். என் அக்கா வார்டனாக இருக்கிற விடுதியில் தவக்காலத்தில் மீன் வாளி உள்ளே வருமா?

தொட்டிக்கு இதுதான் முதல் தவக்காலம். போன ஈஸ்டருக்குப் பிறகு பிறந்த தொட்டி.

முள் கரண்டியைக் கீழே வைத்தேன். தட்டில் மிச்சமிருந்த மீனைப் பார்க்கப் பிடிக்கவில்லை. எழுந்து வெளியே ஓடினேன்.

6

"அக்கா, தொட்டிக்கு மீன் போடுறீங்களா?"

"தவக்காலத்துலயா? என்னடா கேள்வி இது."

"எப்ப நிறுத்தினீங்க?"

"சாம்பல் புதன்லேர்ந்து. அது நிறுத்துறதுல என்ன இருக்கு, வழக்கம்தானே. மீன் வாளி காம்பவுண்டுக்குள்ள வர வேணாம்னு நான்தான் மல்லிகாகிட்ட சொன்னேன். தண்ணித்துறை மார்க்கெட்லேர்ந்து காய்கறித் தோல் கொண்டுவந்து எடையைச் சரிக்கட்டினா."

"எதுவும் மாத்தலன்னு சொன்னியேக்கா!"

"மாத்தலியேடா. எல்லா வருஷமும் இப்படித்தானே?"

அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவளுக்கு அது மாற்றமே இல்லை. காலண்டரோடு வந்து காலண்டரோடு போகிற விஷயம். அதை நினைவில் வைத்திருக்க வேண்டியவன் ஃபாரம் போட்ட நான்.

செய்ய வேண்டியதைச் சொன்னேன். இரண்டு நாள் தீனியை நிறுத்த வேண்டும். மயிலாப்பூர் மாட்டுக்காரரிடம் பசுஞ்சாணம் வாங்கித் தினம் இரண்டு வாளி கரைத்து ஊற்ற வேண்டும். மூன்றாம் நாளிலிருந்து மீன் கழிவு, முதலில் இரண்டு கை அளவு, பிறகு மெல்ல அரை வாளி.

அக்கா குறுக்கிட்டாள். "வர்றது பெரிய வாரம்டா. குருத்து ஞாயிறு, பெரிய வியாழன், பெரிய வெள்ளி. அந்த வாரத்துல மீன் வாளியோட ஒருத்தி விடுதிக்குள்ள நடந்து வந்தா நான் யாருக்குப் பதில் சொல்றது? ஈஸ்டர் முடியட்டும்."

"முடிஞ்சா மூணாம் நாள் கூட்டம்க்கா. மல்லிகா..."

"தெரியும்டா. எனக்குத் தெரியாதா? அவளை வேலைக்கு வெச்சதே நான்தான்." அவள் குரல் உடைந்தது. "சாமியார் வந்து மந்திரிச்ச தொட்டிடா அது."

போன் ஸ்பீக்கரில்தான் இருந்திருக்கிறது. மல்லிகாவின் குரல் குறுக்கே வந்தது. "டீச்சர், கோச்சிக்காதீங்க. மந்திரிச்சாரு, செரி. ஞானஸ்நானம் குடுத்தாரா?"

"என்னது?"

"குடுக்கல இல்ல? அப்ப அது இன்னும் எங்க ஜாதி டீச்சர். எங்களுக்கு ஏது லெந்து நோம்பு? நான் பின்னால கேட்டாண்ட மூடி போட்ட வாளில எடுத்தாரேன். பொண்ணுங்க யாரும் முழிக்கறதுக்கு முன்னாடி ஊத்திட்டு, பினாயில் போட்டுக் கழுவிடறேன். உங்க நோம்புக்கு ஒண்ணும் ஆவாது."

அக்காவிடமிருந்து முதலில் ஒரு மூச்சு, பிறகு சிரிப்பு வந்தது. பல நாள் கழித்து அவள் சிரித்ததைக் கேட்டேன்.

"நாக்கு செத்துப் போச்சுன்னு அன்னிக்கே சொன்னேன் சார்," என்றாள் மல்லிகா என்னிடம். "நீங்க சிரிச்சீங்க."

"ஆமாம்மா. தப்புதான்."

"இன்னா சார், இதுக்குப் போய்... ஊர்ல இருந்தா தெரிஞ்சிருக்கும்."

7

கூட்டம்வரை இருந்த அந்தப் பன்னிரண்டு நாளும் நான் மனிதனாக இல்லை. குருத்து ஞாயிறன்று இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளினார்கள். அதை மறந்து, மல்லிகாவின் வீடியோ வழக்கத்தைவிடத் தாமதம் என்று பயந்து, ஜெனியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். திங்கள், சுடர் ஐந்து நொடி. செவ்வாயும் ஐந்துதான். புதன்கிழமை வீடியோவே வரவில்லை. தொட்டி செத்துவிட்டது, சொல்ல மனமில்லாமல் இருக்கிறார்கள் என்று முடிவுகட்டி ஆய்வகக் கழிப்பறையில் போய் உட்கார்ந்தேன். சாயங்காலம்தான் தெரிந்தது, அவள் போனில் காசு தீர்ந்துவிட்டதாம்.

பெரிய வியாழன் அன்று ஒன்பது நொடி. பெரிய வெள்ளி அன்று அடுப்பே மூட்டவில்லை, சாணமும் மீனும் மட்டும் போனது. சனிக்கிழமை புளிப்புத் தாள் லேசாகப் பச்சை காட்டியது. கண் ஏமாற்றுகிறதோ என்று எலிசாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பச்சைப்பா," என்றாள் தமிழில். "கொஞ்சம் பச்சை."

ஈஸ்டர் காலை வந்த வீடியோவில் சுடர் அணையவில்லை. நீலமாக, குட்டையாக, பர்னரைப் பிடித்துக்கொண்டு எரிந்தது. அதன்மேல் ஒரு சட்டியில் மீன் குழம்பு கொதித்தது. மல்லிகா கேமராவைத் திருப்பித் தன் முகத்தைக் காட்டி, "வவுறு செரியாப் பூட்ச்சி சார்," என்றாள்.

புதன்கிழமை கூட்டத்தில் தொட்டிக்கு அடுத்த டிசம்பர்வரை தவணை கொடுத்தார்கள். முழு விடுதலை இல்லை, வாய்தா. மல்லிகாவின் வேலையும் அதுவரை இருக்கிறது. அதற்குள் இன்னொரு கோளாறு வந்தால் என்ன செய்வது என்று நான் இப்போதே பயந்துகொண்டுதான் இருக்கிறேன். ஃபாரத்தில் மீனுக்குத் தனிக் கட்டம் போட்டுவிட்டேன். சாணத்துக்கும் ஒன்று.

கூட்டம் முடிந்த கையோடு அக்கா கூப்பிட்டாள். நல்ல செய்தியெல்லாம் சொல்லிவிட்டு, "ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்," என்றாள். "அன்னைக்கு உனக்கு எப்படிடா திடீர்னு மீன் ஞாபகம் வந்துது?"

நான் யோசிக்காமல் உண்மையைச் சொல்லிவிட்டேன். "கேன்டீன்ல மீன் சாப்பிட்டுக்கிட்டிருந்தேன்."

பின்னால் சாந்தோம் ரோட்டில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"தவக்காலத்து வெள்ளிக்கிழமையா?"

"இங்க அதுதான் வழக்கம்க்கா. இங்க மீன் சாப்பிடலாம்."

"அவங்களுக்குச் சரி. நீ எப்பலேர்ந்து சாப்பிடுறே?"

வந்த முதல் வருடம் வெறும் உருளைக்கிழங்கும் ரொட்டியும் மட்டும் வாங்கியது நன்றாக நினைவிருக்கிறது. இரண்டாம் வருடமும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். எலிசா பிறந்த வருடம்? அதற்கு முன்பா, பின்பா? தொட்டிக்கு மீன் நின்ற நாள் எதுவென்று என்னால் விரலை வைத்துக் காட்ட முடியும். இதற்கு முடியவில்லை. அந்த நாள் எனக்கு ஒன்றுமே ஆகவில்லை, அதனால்தான்.

"தெரியலக்கா," என்றேன்.

"தேடிப் பாருடா," என்றாள் அக்கா. "நீதான் எல்லாத்துக்கும் ஃபாரம் வெச்சிருப்பியே."